திரும்பி வரும் துணிவு

கேள்வி: ராணுவ விமான விபத்துகளுக்குக் கடைசியில் 'மனிதத் தவறு' என்றுதான் காரணம் சொல்கிறார்கள். பிறகு விமானப் பாதுகாப்பு அதிகாரிகளுக்குத் தனிப் பயிற்சி எதற்கு?
– வாசகர், உத்திரமேரூர்

பதில்: அந்தச் சொல்லோடு நின்றுவிடாமல் இருக்கத்தான். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் ராணுவப் பயிற்சிக் கல்லூரிக்குச் சென்ற எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்து, அப்போதைய முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 பேரைப் பலிகொண்டது. இயந்திரக் கோளாறோ நாசவேலையோ இல்லை. வானிலை திடீரென மாறி, மேகத்துக்குள் புகுந்ததில் விமானியின் திசையுணர்வு குழம்பியது என்றது முப்படை விசாரணை. நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையில் அது 'மனிதத் தவறு' என்று சுருங்கிவிட்டது. மேகத்துக்குள் கண் உதவாது, உட்செவியும் ஏமாற்றும். அது எந்த விமானிக்கும் உள்ள உடல் இயல்பு. ஆகவே மேகம் மூடினால் எங்கே திரும்புவது, உயர் அதிகாரி பின்னால் அமர்ந்திருக்கும்போதும் திரும்பும் துணிவு விமானிக்கு வருமா என்று புறப்படும் முன்பே கேட்க ஒருவர் வேண்டும். விபத்துக்குப் பின் சிதறல்களை ஆராய்வதைவிட, இப்படிக் கேட்கப் பழக்குவதே பயிற்சியின் உயிர் என்பேன்.

அப்படிக் கேட்டால் உண்மை வர வேண்டுமென்றால், பிசகை ஒப்புக்கொள்பவரைத் தண்டிக்கக் கூடாது. தண்டிக்காவிட்டால் ராணுவக் கட்டுப்பாடு குலையாதா என்பார்கள். அறிந்தே விதியை மீறியவருக்குத் தண்டனை இருக்கட்டும். அறியாமல் நேர்ந்ததற்கும் தண்டித்தால், மயிரிழையில் தப்பிய சம்பவங்கள் வெளியே வராது. அடுத்த விபத்துக்கான எச்சரிக்கை அவற்றில்தான் இருக்கிறது. அமெரிக்கச் சிவில் விமானிகள் 1976 முதல் தங்கள் பிசகுகளை நாசாவுக்கே எழுதுகிறார்கள், தண்டிக்கும் அதிகாரமுள்ள துறைக்கு அல்ல. கணக்குக் கேட்பவர் கேட்கப்படுபவருக்கு வேண்டியவராக இருக்கக் கூடாது என்பதற்காகவே போலும், உங்கள் ஊர்ச் சோழர் கல்வெட்டும் கணக்குக் காட்டாதவரோடு அவருடைய உறவினரையும் குடவோலைத் தேர்தலிலிருந்து விலக்கியது. அதேபோல், பாதுகாப்பு அதிகாரியின் பதவி உயர்வும் அவர் குறைசொல்ல வேண்டிய தளபதியின் கையில் இருக்கக் கூடாது.