தேடாமல் கிடைத்த ஏடுகள்

இணையத்தில் ஒன்றைத் தேடப் போய், வேறொன்றைக் கண்டு, நேரம் போவதே தெரியாமல் அதில் மூழ்கிவிடுவது நம்மில் பலருக்கும் உள்ள பழக்கம்தான். அப்படி மூழ்குவதற்கு நல்லதோர் இடம் தேசிய நூலக வாரியத்தின் இணையத்தளம். நூறாண்டுகளுக்கும் முன்னர்ச் சிங்கப்பூரில் அச்சான தமிழ் ஏடுகளை அங்கே படிக்கலாம்.

1887ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டில்தான் சி.கு. மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். அவருடைய அச்சகத்தின் பெயர் தீனோதய எந்திரசாலை. (அச்சகத்தை 'எந்திரசாலை' என்று அழைத்த காலம் அது!) யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையைச் சேர்ந்த சி.ந. சதாசிவ பண்டிதரின் 'சிங்கைநகர் அந்தாதி'யும் அதே ஆண்டில் அங்குதான் அச்சானது. ஒரு பாடலின் முடிவே அடுத்த பாடலின் தொடக்கமாக அமைவது அந்தாதி. இந்த அந்தாதி டேங்க் ரோடு முருகனைப் போற்றுகிறது. முருகனைப் பாடியவர் ஒரு சைவப் புலவர். அதை அச்சிட்டது ஒரு முஸ்லிமின் அச்சகம். சமய நல்லிணக்கம் பற்றி நாம் கேட்கும் நீண்ட சொற்பொழிவுகளைவிட, இந்த நூலின் அச்சக விவரம் அன்றைய மக்களின் மனப்போக்கைத் தெளிவாகக் காட்டிவிடுகிறது.

இந்த ஏடுகளைப் படிப்பது முதலில் சற்றுக் கடினமாகத்தான் இருக்கும். 'லை', 'னை', 'ணா' போன்ற எழுத்துகள் பழைய வடிவில் இருக்கும், வடசொற்களும் மிகுதி. நான்கைந்து பக்கங்கள் தாண்டினால் கண் பழகிவிடும்.

1888இல் 'சிங்கை நேசன்' இதழில் மகுதூம் சாயபு எழுதியது 'வினோத சம்பாஷணை'. சம்பாஷணை என்றால் உரையாடல். இதுவே சிங்கப்பூரின் முதல் தமிழ்ச் சிறுகதை என்று சொன்னவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. உரையாடலைச் சிறுகதை என்று ஏற்கலாமா என்பது வாதத்திற்கு உரியது. அதைப் படித்துப் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம்.

தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த கோவிந்தசாமி பழைய ஏடுகளோடு நின்றுவிடவில்லை. தமிழைக் கணினித் திரையில் காட்டவும் பல ஆண்டுகள் உழைத்தார். 1995இல் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த ஓர் இணையத்தளத்தில் அவரது முயற்சியால் தமிழ்க் கவிதைகள் தமிழ் எழுத்துகளிலேயே தோன்றின. இணையத்தில் தமிழைப் பார்ப்பதே புதுமையாக இருந்த நாள்கள் அவை. 1999இல் அவர் காலமானார். 'சிங்கை நேசன்' ஒருநாள் அதே இணையத்தில் எல்லாருக்கும் கிடைக்கும் என்பதைக் காண அவர் இல்லை.

2015இல் நாடு பொன்விழாக் கொண்டாடியபோது, சமூகமும் நூலக வாரியமும் இணைந்து, 1965 முதல் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் சுமார் 350ஐ மின்வடிவில் ஏற்றின. எழுத்தாளர்கள் தம் நூல்களைக் கொடுத்தனர். தொண்டூழியர்கள் பிழை திருத்தினர்.

'சிங்கை நேசன்' இதழுக்கும் முன்னால் 'சிங்கை வர்த்தமானி', 'தங்கை நேசன்', 'ஞானசூரியன்' என்னும் இதழ்கள் இங்கே வெளிவந்தன. அவற்றைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தவர்கள் இருந்திருப்பார்கள். படித்து முடித்ததும் பொட்டலம் கட்டியவர்களும் இருந்திருப்பார்கள். இன்று நமக்குக் கிடைத்திருப்பவை அவற்றின் பெயர்கள் மட்டுமே.