மேசைமேல் ஓர் இருப்புப்பாதை

கற்றல் நோக்கம்: மாதிரி இருப்புப்பாதை அமைக்கும் முறையை அறிதல், அளவுவிகிதம் பற்றித் தமிழில் படித்துக் கணக்கிடுதல், துறைச்சொற்களைப் பயன்படுத்துதல்.

நுழையும்முன்

நவராத்திரி நாள்களில் தமிழர் இல்லங்கள் பலவற்றில் கொலு வைப்பர். படிகளில் பொம்மைகளை அடுக்குவது பெரியவர் பணி. படிகளின் அருகே தரையில் ஓர் ஊரை உருவாக்குவது சிறுவர் பணி. மணலைப் பரப்பிக் கடுகும் கேழ்வரகும் தூவி நீர் தெளித்தால் சில நாள்களில் அது வயல்வெளியாகும். முகம் பார்க்கும் கண்ணாடி குளமாகும். சில வீடுகளில் அவ்வூரைச் சுற்றிப் பொம்மைத் தொடர்வண்டியும் ஓடும். கொலுப்படியில் நிற்கும் மரப்பாச்சிப் பொம்மைகளுள் சிறந்தவை செம்மரத்தில் செதுக்கப்பட்டவை. அச்செம்மரம் இயற்கையாக வளரும் இடங்களுள் ஒன்று, திருப்பதியை அடுத்த சேஷாசலக் காடு.

கொலு முடிந்ததும் அவ்வூர் கலைக்கப்படும். அதனையே அளவு பார்த்து, ஒரு பலகைமேல், கலையாதவாறு அமைத்தால் அது மாதிரி இருப்புப்பாதை ஆகிறது. உலகின் பல நாடுகளில் சிறுவரும் முதியவரும் இதனைப் பொழுதுபோக்குக் கலையாகப் பயின்று வருகின்றனர்.

இக்கலையின் வரலாறு

1891ஆம் ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக் நகரச் சந்தையில், மெர்க்லின் என்னும் நிறுவனம் சாவி கொடுத்தால் ஓடும் பொம்மைத் தொடர்வண்டி ஒன்றைக் காட்சிக்கு வைத்தது. அதன் தண்டவாளங்களைத் துண்டு துண்டாக இணைத்து, வேண்டிய அளவுக்கு நீட்டிக்கொள்ள முடிந்தது. இங்கிலாந்தில் 1920ஆம் ஆண்டு முதல் ஹார்ன்பி தொடர்வண்டிகள் விற்பனைக்கு வந்தன. பின்னர்ச் சாவிக்கு மாறாக மின்சாரம் பொம்மை வண்டிகளை இயக்கலாயிற்று.

இந்தியாவிலும் இக்கலைக்கு ஒரு சிறந்த சான்று உண்டு. புனே நகரைச் சேர்ந்த பாவ்சாகேப் ஜோஷி, பொழுதுபோக்காகச் செய்து சேர்த்த மாதிரி வண்டிகளைக் கொண்டு சிறு நகரம் ஒன்றையே அமைத்தார். அது 1998ஆம் ஆண்டு அருங்காட்சியகமாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஒருவரின் வீட்டு விருப்பம் ஊரார் அனைவரும் காணும் காட்சியாக வளர்ந்தது.

மெர்க்லின் பொம்மை வண்டி அறிமுகமான அதே காலத்தில், 1890களின் தொடக்கத்தில், சித்தூர்ப் பகுதியிலும் உண்மையான தொடர்வண்டிகள் ஓடத் தொடங்கின. தென்னிந்திய இரயில்வே நிறுவனம் விழுப்புரத்திலிருந்து காட்பாடி, சித்தூர் வழியாகப் பாகாலாவுக்கு மீட்டர் பாதை அமைத்தது. பாகாலாவில் ஒரு பாதை தர்மாவரம் நோக்கியும் மற்றொன்று சந்திரகிரி வழியாகத் திருப்பதி நோக்கியும் பிரிந்தன. இன்று தமிழ்நாட்டிலிருந்து சித்தூருக்கும் திருப்பதிக்கும் வரும் தமிழர் பலர் இவ்வழியிலேயே பயணம் செய்கின்றனர்.

அளவே அடிப்படை

மாதிரி இருப்புப்பாதைக்கும் விளையாட்டுப் பொம்மைக்கும் உள்ள வேறுபாடு அளவு. பொம்மையில் மனிதன் வண்டியைவிடப் பெரியவனாக இருக்கலாம். மாதிரியில் இருக்கக் கூடாது. எல்லாப் பொருள்களும் ஒரே விகிதத்தில் சுருங்க வேண்டும்.

இன்று உலகில் மிகுதியாகப் பயன்படுவது 1:87 என்னும் விகிதம். உண்மையில் 87 செ.மீ. உள்ள பொருள் மாதிரியில் 1 செ.மீ. ஆகும். சென்னைப் பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையின் பழைய வகைப் பயணிகள் பெட்டி ஏறத்தாழ 21.3 மீட்டர் நீளமுடையது. அது மாதிரியில் 24.5 செ.மீ. ஆகும். 160 செ.மீ. உயரமுள்ள மனிதர் 1.8 செ.மீ. உயரத்தில் நிற்பார். நிலையப் பெயர்ப்பலகையில் 30 செ.மீ. உயரமுள்ள எழுத்து ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டராக, ஒரு கொத்தமல்லி விதை அளவில் அமையும்.

தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலத்திலும் ஒரு கணக்கு உண்டு. உலகின் பல நாடுகளில் இவ்வகலம் 1,435 மி.மீ.; 87ஆல் வகுத்தால் 16.5 மி.மீ. எனவே கடைகளில் கிடைக்கும் மாதிரித் தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. ஆகும். இந்திய அகலப்பாதையோ 1,676 மி.மீ.; அதற்கு 19.3 மி.மீ. வேண்டும். இந்திய வண்டிகளை மாதிரியாக அமைப்போர் பலர் இச்சிறு வேறுபாட்டை ஏற்றுக்கொண்டு, 16.5 மி.மீ. பாதையிலேயே வண்டிகளை ஓட்டுகின்றனர்.

எதனை விடுவது?

சித்தூரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றில், அக்காளும் தம்பியும் காட்பாடி முதல் திருப்பதி வரையுள்ள பாதையை மாதிரியாக அமைக்க முற்பட்டனர் எனக் கொள்க. அவர்களிடம் 8 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்ட பிளைவுட் பலகை ஒன்று இருந்தது.

அக்காள் முதலில் கணக்கிட்டாள். காட்பாடியிலிருந்து திருப்பதி ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவு. அதனை 87ஆல் வகுத்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வந்தது. வீட்டுக்குள் அமைக்க வேண்டிய பாதை, தெருக்கோடியையும் தாண்டிச் செல்லும் போலிருந்தது. திருமலையைத் தம்பி கணக்கிட்டான். அடிவாரத்திலிருந்து 600 மீட்டருக்கும் மேல் உயர்ந்த அம்மலை, மாதிரியில் ஏறத்தாழ 7 மீட்டர் உயரும்; மாடி வீட்டின் கூரையையும் அது துளைத்துவிடும்.

வண்டியையும் மனிதரையும் விகிதப்படி சுருக்கலாம். தொலைவையும் மலையையும் அவ்வாறு சுருக்க இயலாது என்பதை இருவரும் உணர்ந்தனர். எனவே சிலவற்றை வைத்துக்கொண்டு பலவற்றை விட வேண்டியதாயிற்று. பெரிய நிலையங்களே முதன்மையானவை என்று கருதி, காட்பாடி, பாகாலா, திருப்பதி என்னும் மூன்றையும் தாளில் வரைந்தனர்.

வரைபடத்தைத் தாத்தாவிடம் காட்டினர். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நெடுநேரம் பார்த்தார். "நன்றாக இருக்கிறது, அம்மா. ஆனால், நாம் எந்த நிலையத்தில் இறங்குவது?" என்று கேட்டார்.

இருவரும் விடையின்றி நின்றனர். சந்திப்பு நிலையங்களைத் தேடிய கண்களுக்குத் தாங்கள் வாழும் சித்தூர் தென்படவில்லை.

அன்று மாலை வரைபடம் மீண்டும் வரையப்பட்டது. பலகையின் முன்பக்கம் சித்தூர் நிலையம் வந்தது. பின்பக்கம் திருப்பதி அமைந்தது. பாகாலாவுக்கு முழு நிலையம் இல்லை. ஒரு கிளைப்பாதை மட்டும் பிரிந்து பலகையின் ஓரத்தில் முடிந்தது. அது தர்மாவரம் செல்லும் வழியின் அடையாளம். காட்பாடி பலகையில் இடம்பெறவில்லை. சித்தூரை விட்டுப் புறப்படும் வண்டி, மாந்தோப்பின் பின்னால் நிறுத்திய திரைப்பலகைக்கு அப்பால் மறையுமாறு அமைத்தனர்.

"காட்பாடி எங்கே?" என்று தம்பி கேட்டான்.

"திரைக்கு அந்தப் பக்கம்," என்றாள் அக்காள். "காட்பாடியும் வேலூரும் பாட்டியின் ஊரும் அங்கேதான் இருக்கின்றன. வண்டி அங்கிருந்துதான் வரும்."

மாதிரி இருப்புப்பாதை அமைப்போர் உலகெங்கும் இம்முறையைக் கையாளுகின்றனர். கண்ணுக்குத் தெரியாத அப்பகுதிக்கு மறைவு நிலையம் என்று பெயரிடலாம். காட்ட இயலாத ஊர்கள் யாவும் அந்த ஒரு மறைவிடத்தில் அடங்கும்.

அமைக்கும் முறை

1. பலகை: 8 அடிக்கு 4 அடிப் பலகை 244 செ.மீ. நீளமும் 122 செ.மீ. அகலமும் உடையது. வளைவுகளின் ஆரம் 46 செ.மீ. எனக் கொண்டால், ஒவ்வோர் ஓரத்திலும் 15 செ.மீ. இடம் எஞ்சும், வண்டி தடம் புரண்டாலும் தரையில் விழாது. நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 122 செ.மீ. நீளம் இருக்கும். 20 பெட்டிகள் கொண்ட வண்டிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் வேண்டுமாதலால், இங்கு ஓர் எஞ்சினும் மூன்று பெட்டிகளுமே போதும்.

2. ஏற்றம்: ஒரு மீட்டர் நீளத்திற்கு 3 செ.மீ.க்கு மேல் ஏற்றம் வைத்தால் சிறு எஞ்சின் இழுக்கத் தடுமாறும். ஒரு பாதைக்கு மேல் மற்றொரு பாதை செல்ல 8 செ.மீ. உயரம் வேண்டும், அவ்வுயரத்தை எட்ட இரண்டரை மீட்டருக்கும் மேல் நீளம் தேவை. ஆகவே முதல் முயற்சியில் பாதை சமதளமாக இருப்பதே நன்று.

3. மின்சாரம்: வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மின்மாற்றிக் கருவி அதனைக் குறைத்து, 12 வோல்ட் வரையிலான நேர்மின்னோட்டமாகத் தண்டவாளங்களுக்குத் தருகிறது. ஒரு தண்டவாளத்திலிருந்து மின்னோட்டம் சக்கரத்தின் வழியே எஞ்சினுக்குள் ஏறி, மறு தண்டவாளத்தின் வழியே திரும்புகிறது. மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும். மின்முனைகளை மாற்றினால் வண்டி பின்னோக்கி ஓடும். உண்மையான மின்தொடர்வண்டியோ தலைக்கு மேலுள்ள கம்பியிலிருந்து 25,000 வோல்ட் மின்சாரம் பெறுகிறது. மின்மாற்றியைக் கடையில் ஆயத்தமாக வாங்க வேண்டும். அதனைப் பெரியவர் முன்னிலையிலேயே பயன்படுத்த வேண்டும்.

4. நிலக்காட்சி: செய்தித்தாளைக் கசக்கிக் குவித்து, பசையில் நனைத்த தாள்களை அதன்மேல் ஒட்டிக் காயவிட்டால் மலை உருவாகும். வண்ணம் ஏற்றிய மரத்தூள் புல்லாகும். சலித்த மணலைத் தண்டவாளத்தின் இருபுறமும் பரப்பி, நீர் கலந்த பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டால் அது சரளைக்கல்லாகும். பழைய அட்டைப்பெட்டி நிலையக் கட்டடமாகும். திருமலையை 40 செ.மீ. உயரத்தில் அமைத்து, மலையின் மேற்பகுதியை வெளிர்நீலம் கலந்து தீட்டினால் அது தொலைவில் உள்ளதுபோல் தோன்றும்.

மின்வண்டி வாங்கப் பணம் மிகுதியாகத் தேவைப்படும். வாங்க இயலாதவர் அட்டையில் பெட்டிகள் செய்து ஓடாத மாதிரி அமைக்கலாம். அளவு சரியாக இருப்பின் அதுவும் மாதிரி இருப்புப்பாதையே.

இன்று இல்லாத பாதை

இந்திய இரயில்வே 1992ஆம் ஆண்டு, நாட்டின் பாதைகளைப் பெரும்பாலும் ஒரே அகலத்திற்கு மாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. காட்பாடி – திருப்பதி மீட்டர் பாதையும் அகலப்பாதை ஆயிற்று. இதனால் காட்பாடியிலும் ரேணிகுண்டாவிலும் வண்டி மாறி ஏற வேண்டிய இடர் குறைந்தது. அதே வேளையில், தாத்தா இளமையில் பயணம் செய்த குறுகிய பாதை மறைந்தது.

பலகையில் எல்லாம் முடிந்த பின், சித்தூர் நிலையத்தின் அருகே ஒரு விரல் நீள இடம் வெறுமையாக இருந்தது. தாத்தா தீக்குச்சிகளை வெட்டிக் குறுக்குக்கட்டைகளாக அடுக்கினார். 1,000 மி.மீ. அகலத்தை 87ஆல் வகுக்குமாறு பேரனிடம் கூறினார். பதினொன்றரை மில்லிமீட்டர் என்றான் பேரன். அவ்வளவு இடைவெளி விட்டு இரண்டு மெல்லிய கம்பிகளை அவர் ஒட்டினார். அப்பாதையில் எந்த வண்டியும் ஓடாது. எனினும், வீட்டுக்கு வருவோர் அதனைக் கண்டு, "இது என்ன?" என்று கேட்பர். தாத்தா விடை கூறத் தொடங்குவார்.

இறுதியில் அக்காள் சுற்றுப்பாதையின் நீளத்தை நூலால் அளந்தாள். 5.3 மீட்டர் இருந்தது. உண்மையில் அது ஏறத்தாழ 460 மீட்டர். சித்தூரிலிருந்து திருப்பதி ஏறத்தாழ 70 கி.மீ. அப்படியானால், திருப்பதியை அடைய வண்டி ஏறத்தாழ 150 முறை சுற்ற வேண்டும். தம்பி ஒரு தாளை எடுத்து, ஒன்று என்று எழுதிவிட்டு விசையைத் திருகினான்.

சொற்பொருள்

இருப்புப்பாதை – இரும்புத் தண்டவாளப் பாதை
விகிதம் – இரு அளவுகளுக்கு இடையேயுள்ள ஒப்பீடு
ஆரம் – வட்டத்தின் மையத்திலிருந்து விளிம்பு வரையுள்ள தொலைவு
குறுக்குக்கட்டை – தண்டவாளங்களைத் தாங்கும் கட்டை
சரளைக்கல் – பாதையில் பரப்பும் உடைகல்
சந்திப்பு – பாதைகள் கூடும் நிலையம்
இடர் – துன்பம்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. மாதிரி இருப்புப்பாதைக்கும் பொம்மைக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. கடைகளில் கிடைக்கும் மாதிரித் தண்டவாளத்தின் அகலம் ஏன் 16.5 மி.மீ. ஆக உள்ளது?
3. பிள்ளைகள் முதல் வரைபடத்தை ஏன் மாற்றினர்?

ஆ. கணக்கிட்டு எழுதுக.
1. உங்கள் உயரம் 1:87 விகிதத்தில் எத்தனை செ.மீ.?
2. உங்கள் வகுப்பறையின் நீளம் அவ்விகிதத்தில் எவ்வளவு?

இ. பிரித்து எழுதுக.
1. இருப்புப்பாதை 2. அச்செம்மரம் 3. நிலக்காட்சி 4. தண்டவாளத்திலிருந்து

ஈ. செயல்பாடு
உங்கள் குடும்பத்தினர் சொந்த ஊரிலிருந்து இப்போது வாழும் ஊருக்கு வந்த வழியை வீட்டுப் பெரியவரிடம் கேட்டறிக. அவ்வழியை ஒரு பலகையில் அமைப்பதாயின், எந்த மூன்று இடங்களைக் காட்டுவீர்? எவற்றைத் திரைக்குப் பின்னால் வைப்பீர்? காரணங்களுடன் பத்துத் தொடர்களில் எழுதுக.