கடலூர் முதுநகர்த் தேவாலயமும் கைமாறிய உரிமையும்

முன்னுரை

சோழமண்டலக் கடற்கரையில் ஐரோப்பியர் எழுப்பிய பழந்தேவாலயங்களை 'இடைக்காலக் கட்டடங்கள்' எனச் சுட்டும் வழக்கு உண்டு. ஐரோப்பிய இடைக்காலம் 15ஆம் நூற்றாண்டோடு முடிவதாகக் கொள்வது மரபு. போர்த்துக்கீசியர் இக்கடற்கரையில் குடியேறியதோ 16ஆம் நூற்றாண்டில். எனவே இவற்றைத் தொடக்க நவீனக் காலத்தனவாகக் கொள்வதே பொருந்தும்.

உரிமை மாற்றம்

சிதம்பரம் சாலையில், சிப்காட் தொழிற்பேட்டைக்கு வடக்கே அமைந்த கடலூர் முதுநகர் இவ்வாய்வுக்குத் தக்க களமாகும். ஆங்கிலேயக் கம்பெனி 1690இல் மராத்தியரிடமிருந்து பெற்ற புனித டேவிட் கோட்டை, 1746 முதல் 1752 வரை அதன் தென்னகத் தலைமையிடமாக விளங்கியது. பிரெஞ்சுக்காரருக்குத் துணைநின்றனர் என்ற ஐயத்தால் 1749இல் கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்தம் தேவாலயம் சுவீடன் நாட்டு லுத்தரன் மறைப்பணியாளர் கிர்னாண்டரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1758இல் லாலி கோட்டையைக் கைப்பற்றவே, அவர் கல்கத்தா சென்றார்.

முடிவுரை

கத்தோலிக்க வழிபாட்டில் பலிபீடமும், சீர்திருத்தச் சபை வழிபாட்டில் அருளுரை மேடையும் முதன்மை பெறும். ஆகவே, கைமாறிய தேவாலயத்தின் சுவர்கள் ஒரு காலத்தையும் உள்ளமைப்பு மற்றொரு காலத்தையும் காட்டக்கூடும். இன்றைய சபையின் பெயரை மட்டும் கொண்டு கட்டடத்தின் காலத்தைக் கணித்தல் பிழைக்கு இடந்தரும்.