காயலான் கடையிலிருந்து திரும்பி வந்த என்ஜின்கள்



"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்பது நம் ஊர்ப் பழமொழி. இயந்திரத்துக்கு இது பொருந்துமா? ஒரு லேத் ஓடுகிற வரைக்கும் அது செய்து தரும் வேலைக்கு மதிப்பு. ஓய்ந்துவிட்டால் எடைக்குப் போட வேண்டியதுதான், கிலோ இவ்வளவு என்று காயலான் கடைக்காரர் சொல்லுகிற விலைதான் விலை. இந்த இரண்டு மதிப்பையும் தவிர மூன்றாவதாக ஒரு மதிப்பு பழைய இயந்திரத்துக்கு உண்டா? உண்டென்றால் அதை யார் காப்பாற்றுவது, எப்படிக் காப்பாற்றுவது? டிப்ளமோ படிக்கிற நாம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. இதற்கு நல்ல பாடம், வேல்ஸ் நாட்டில் பாரி என்ற துறைமுக ஊரில் இருந்த ஒரு பழைய இரும்புக் கிடங்கு.

கிடங்கில் நின்ற 297 என்ஜின்கள்

1948இல் பிரிட்டிஷ் ரயில்வே அரசுடைமை ஆனபோது அதனிடம் இருபதாயிரத்துக்கும் அதிகமான நீராவி என்ஜின்கள் இருந்தன. 1955இல் நவீனமயத் திட்டம் வந்தது. இனி டீசலும் மின்சாரமும்தான் என்று முடிவாயிற்று. 1968 ஆகஸ்டோடு அங்கே பிரதான பாதைகளில் நீராவி ஓட்டம் நின்றுபோனது. கழித்துக்கட்டிய என்ஜின்களை நாடு முழுவதும் இருந்த இரும்பு வியாபாரிகள் வாங்கி உடைத்தார்கள். அவர்களில் ஒருவர் பாரி ஊரின் டை உட்ஹாம். 1959 முதல் அவர் கிடங்குக்கு வந்து சேர்ந்த என்ஜின்கள் மொத்தம் 297.

மற்ற கிடங்குகளில் வந்த வேகத்தில் உடைத்தார்கள். உட்ஹாம் மட்டும் ஏன் உடைக்கவில்லை? காரணம் பாசம் இல்லை, தொழில் கணக்கு. அதே சமயத்தில் அவருக்கு ஏராளமான சரக்கு வேகன்களும் வந்தன. வேகனை உடைப்பது சுலபம். தகடும் சட்டமும்தான், காஸ் கட்டரை வைத்தால் வேலை முடிந்தது. என்ஜின் அப்படியில்லை. செம்பு, பித்தளை, வார்ப்பிரும்பு, எஃகு எல்லாம் கலந்திருக்கும், பிரித்தெடுக்க நாளாகும். எனவே முதலில் வேகன், என்ஜின்கள் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மழைக்காலத்துக்கு அடுக்கி வைத்த விறகு மாதிரி அவற்றை நிறுத்தி வைத்தார்.

அந்த இடைவெளிதான் அவற்றைக் காப்பாற்றியது. 1968 செப்டம்பரில் முதல் என்ஜின் விலைக்கு வாங்கப்பட்டு வெளியே போனது. ஆர்வமுள்ளவர்கள் சங்கம் சேர்ந்து, ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, இரும்பு விலையைக் கொடுத்து ஒவ்வொன்றாக மீட்டார்கள். உட்ஹாம் வியாபாரிதான். ஆனாலும் பணம் சேரும்வரை இன்ன என்ஜின் இன்ன சங்கத்துக்கு என்று ஒதுக்கி வைத்துப் பொறுத்துக்கொண்டார். 1980இல் வேகன் வரத்து குறைந்து, இரண்டு என்ஜின்களை உடைத்தே விட்டார்கள். "இனிமேலும் தாமதித்தால் அவ்வளவுதான்" என்று எல்லோருக்கும் உறைத்தது. 1990 ஜனவரியில் கடைசி என்ஜினும் கிடங்கை விட்டுப் போனது. 297இல் பிழைத்தவை 213.

உருக்கினால் என்ன தப்பு?

எதிர்த்தரப்பு வாதத்தையும் நாம் கேட்க வேண்டும். பழைய இரும்பை உருக்கி எஃகு செய்வது நல்ல காரியம். தாதுவிலிருந்து எடுப்பதைவிடக் குறைந்த சக்தியே செலவாகும். இடமும் மிச்சம். எல்லாப் பழைய இயந்திரத்தையும் வைத்துக்கொண்டால் ஊர் முழுக்க ஷெட் கட்ட வேண்டியதுதான். ஆகவே எதைக் காப்பது என்று தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

அந்த வகையில் இது முதலாவதா, அல்லது மிஞ்சியிருக்கும் கடைசியா? பாகங்கள் பெரும்பாலும் அசலாக இருக்கின்றனவா? இந்த ஊரின் தொழிலோடு இதற்குத் தொடர்பு உண்டா? டிராயிங் கிடைக்குமா? எல்லாவற்றுக்கும் மேலாக, பத்து வருஷத்துக்குப் பிறகும் இதற்கு எண்ணெய் போட ஆள் இருப்பார்களா?

கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்பது பதிலானால், இயந்திரத்தைக் கொண்டுவந்து வேறொரு இடத்தில் துருப்பிடிக்க விடுவதில் பயனில்லை. அளவெடுத்துப் பதிவு செய்துவிட்டு விடை கொடுப்பது மேல்.

டிராயிங் ஒன்று, ஜாப் வேறு

பாரியில் நின்ற என்ஜின்களில் நம் துறைக்கு மிகவும் பாடம் சொல்வது 71000 என்ற எண்ணுடைய 'டியூக் ஆஃப் குளோஸ்டர்'. 1952இல் ஹாரோ நிலையத்தில் நடந்த கோர விபத்தில் 112 பேர் இறந்தார்கள். அதில் நொறுங்கிய ஒரு என்ஜினுக்குப் பதிலாக 1954இல் குரூ பணிமனையில் இதைக் கட்டினார்கள். மூன்று சிலிண்டர், சாதாரண வால்வுக்குப் பதிலாக கேப்ரோட்டி என்ற பாப்பெட் வால்வு அமைப்பு. இந்த ரகத்தில் கட்டியது இது ஒன்றே ஒன்றுதான்.

காகிதத்தில் பிரமாதமான என்ஜின். பாதையில் சொதப்பியது. நிலக்கரியை வாரி வாரிப் போட்டாலும் வேண்டிய நேரத்தில் நீராவி போதவில்லை. ஃபயர்மேன்களுக்கு இதன் பெயரைக் கேட்டாலே கசப்பு. எட்டே ஆண்டுகளில், 1962இல், ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஒரு பக்கத்து சிலிண்டரை அருங்காட்சியகத்துக்கென்று அறுத்து எடுத்தார்கள். மறுபக்கத்து சிலிண்டரும் போயிற்று. மிச்சமிருந்த கூடு பாரிக்கு வந்தது.

1974இல் ஒரு குழு இதை வாங்கியது. இல்லாத பாகங்களுக்கெல்லாம் டிராயிங் தேடி, பேட்டர்ன் செய்து, வார்த்து, மெஷின் செய்து முடிக்க 1986 ஆனது. அந்த வேலையின்போதுதான் ஒரு சங்கதி வெளிப்பட்டது. ஃபயர்பாக்ஸுக்கு அடியில் காற்று நுழைகிற டேம்பர் கதவுகள் டிராயிங்கில் உள்ள அளவுக்கு இல்லை, சிறியதாகச் செய்யப்பட்டிருந்தன. இதே அளவுள்ள மற்ற என்ஜின்களோடு ஒப்பிட்டால் புகைப்போக்கியும் குறுகல்.

வெப்பப் பொறியியல் பாடத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு கிலோ நல்ல நிலக்கரி முழுதாக எரிய ஏறத்தாழ 11 கிலோ காற்று வேண்டும். நடைமுறையில் அதற்கும் மேலே தேவை. நுழைகிற வழியும் குறுகல், இழுக்கிற வழியும் குறுகல் என்றால் கரி எப்படி எரியும்? குறையைச் சரிசெய்த பிறகு அதே என்ஜின் பிரிட்டனின் சிறந்த நீராவி என்ஜின்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது. கட்டியவர்கள் கண்டுபிடிக்காததைப் பிரித்து மாட்டியவர்கள் கண்டுபிடித்தார்கள். 1962லேயே உடைத்திருந்தால், "டிசைன் சரியில்லை" என்ற தவறான தீர்ப்பே என்றைக்கும் நிலைத்திருக்கும். ஒரு பொருள் கையில் இருந்தால்தான் அதை மறுபடி அளந்து பார்க்க முடியும். நான் மேலே கேட்ட மூன்றாவது மதிப்பு இதுதான்.

உடைத்துவிட்ட பிறகு?

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. பெப்பர்கார்ன் ஏ-1 என்ற ரகத்தில் 49 என்ஜின்கள் இருந்தன. 1966க்குள் அத்தனையும் உடைக்கப்பட்டன. அந்த ரகத்தில் ஒன்றாவது வேண்டும் என்று 1990இல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். அருங்காட்சியகத்தில் இருந்த பழைய டிராயிங்குகளை எடுத்து, முதலிலிருந்து புதிதாகவே கட்டினார்கள். பாய்லர் ஜெர்மனியின் மைனிங்கன் பணிமனையிலிருந்து வர வேண்டியதாயிற்று. 'டொர்னேடோ' என்ற அந்த என்ஜின் 2008இல் ஓடியபோது ஏறத்தாழ 30 லட்சம் பவுண்டும் பதினெட்டு வருஷமும் செலவாகியிருந்தன. டிராயிங்காவது மிஞ்சியதால் இது முடிந்தது. அதுவும் குப்பைக்குப் போயிருந்தால்?

எப்படிக் காப்பாற்றுவது?

ஆசை மட்டும் போதாது, முறை தெரிய வேண்டும். பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் முறைகளைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. முதலில் கேமரா, பிறகு ஸ்பேனர். கழற்றுவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து, அளவெடுத்து, ஒவ்வொரு பாகத்துக்கும் எண் எழுதிக் கட்ட வேண்டும். நேம் பிளேட்டை எழுத்து விடாமல் பதிவு செய்ய வேண்டும்.

2. பலவந்தம் கூடாது. பல வருஷம் நின்ற பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் போயிருக்கும். நெம்புகோல் போட்டுச் சுழற்றினால் ரிங் உடையும், ராட் வளையும். ஊடுருவும் எண்ணெயை ஊற்றி நாள்கணக்கில் ஊறவிட்டு, மெல்ல அசைத்துப் பார்ப்பதே சரி.

3. எல்லாவற்றையும் சுரண்டி மினுக்காதீர்கள். துருவுக்கும் பழைய பெயிண்டுக்கும் அடியில் பஞ்ச் அடித்த எண்களும் தொழிலாளியின் அடையாளக் குறிகளும் இருக்கும். சாண்ட் பிளாஸ்ட் அடித்தால் அவை போயே போய்விடும்.

4. உயிர் முக்கியம். பழைய பாய்லரையும் நீராவிக் குழாயையும் சுற்றியுள்ள வெள்ளைப் பூச்சு பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ். தூள் நுரையீரலுக்குள் போனால் பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடும். பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே அதைத் தொடலாம்.

5. பாய்லரை நம்பாதே, சோதித்துப் பார். தகட்டின் கனத்தை அல்ட்ராசோனிக் கருவியால் அளந்து, பிறகு ஹைட்ராலிக் டெஸ்ட் செய்கிறார்கள். ஏன் தண்ணீர், ஏன் காற்று இல்லை? தண்ணீர் மிகச் சிறிதளவே அமுங்கும். அதில் சேர்ந்திருக்கும் ஆற்றல் குறைவு. எங்காவது பிளந்தாலும் கொஞ்சம் பீய்ச்சிவிட்டு அழுத்தம் இறங்கிவிடும். அழுத்திய காற்றோ நீராவியோ பிளந்தால் வெடிகுண்டுதான். சட்டப்படியான ஆய்வாளர் சான்று இல்லாமல் பழைய பாய்லரில் நெருப்பு மூட்டவே கூடாது.

6. பழையதையும் வைத்துக்கொள். புதிதாகச் செய்து போட்ட பாகத்தில் வருஷத்தைப் பஞ்ச் செய்ய வேண்டும். கழற்றிய அசல் பாகத்தை எறியாமல் பத்திரப்படுத்த வேண்டும். பின்னால் வருபவனுக்கு எது அசல், எது நாம் போட்டது என்று தெரிய வேண்டும்.

7. ஓட்டுவதா, நிறுத்துவதா? ஓட ஓடத் தேயும். தேயத் தேயப் பாகம் மாற்ற வேண்டும். கடைசியில் அசல் எவ்வளவு மிஞ்சும்? மிக அரிதான இயந்திரத்தை நிறுத்தி வைத்துக் காட்டுவதே நல்லது. மற்றவற்றை ஓட்டலாம். ஓடினால்தான் ஓட்டத் தெரிந்தவர்களும் உருவாவார்கள்.

நம்ம பெரம்பூர், நம்ம பொன்மலை

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம் என்று ஒதுக்க வேண்டாம். 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கட்டப்பட்டு, கிழக்கிந்திய ரயில்வேக்கு வந்த 'எக்ஸ்பிரஸ்' என்ற 21ஆம் எண் என்ஜின், 1909இல் ஓய்வு பெற்று நூறு வருஷம் காட்சிப்பொருளாகவே நின்றது. அதற்கு உயிர் கொடுத்தது சென்னை பெரம்பூர் லோகோ பணிமனை. 2010 ஆகஸ்ட் 15 அன்று அது சென்னையில் ஓடியது. அதன் உடன்பிறப்பான 'ஃபேரி குயின்' பாகங்களைத் திருட்டுக்குக் கொடுத்துவிட்டு நின்றபோதும், சீராக்கும் வேலைக்கு வந்து சேர்ந்த இடம் பெரம்பூர்தான். திருச்சி பொன்மலைப் பணிமனையோ, சுவிட்சர்லாந்தில் கட்டப்பட்ட நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் ரக என்ஜினைப் போலவே 2011 முதல் புதிய என்ஜின்களைக் கட்டி மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பியது. பழைய என்ஜின்களும் அவற்றைப் பழுதுபார்த்த கைகளும் அங்கே தொடர்ந்து இருந்ததுதான் இதற்கு ஆதாரம் எனலாம். டீசலும் மின்சாரமும் மட்டுமே தெரிந்த பணிமனைக்கு இது லேசில் கைகூடியிருக்காது.

நாம் என்ன செய்யலாம்?

நம்மால் ரயில் என்ஜின் வாங்க முடியாது. ஆனால் பாலிடெக்னிக் லேப்களிலும் ஊரில் உள்ள பட்டறை, மில், சர்க்கரை ஆலைகளிலும் பெல்ட்டில் ஓடும் லேத், பழைய ஷேப்பர், ஒற்றை சிலிண்டர் ஆயில் என்ஜின் இவையெல்லாம் 'கண்டம்' ஆகி ஏலத்துக்குக் காத்து நிற்கின்றன. இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்பு கிடைக்கவில்லை என்று அலைகிறோமே, ஒரு பழைய இயந்திரத்தைப் பிரித்து, அளந்து, முழு டிராயிங் போட்டு, மறுபடி மாட்டி ஓடவைப்பது எவ்வளவு நல்ல புராஜெக்ட்! மெஷின் டிராயிங், மெட்டலர்ஜி, மெட்ராலஜி, ஃபிட்டிங் எல்லாம் அதிலேயே அடங்கிவிடும்.

இன்னொன்று. இயந்திரத்தை விடச் சீக்கிரம் போய்விடுவது அதை ஓட்டியவர்களின் அனுபவம். வைட் மெட்டல் பேரிங்கில் நீலம் தடவிச் சுரண்டி உட்காரவைப்பதும், பெல்ட்டின் சத்தத்தைக் கேட்டே இழுவை சொல்வதும் புத்தகத்தில் பாதிதான் இருக்கும். மீதி, ஒர்க்‌ஷாப்பில் இத்தனை வருஷம் நின்ற பெரியவர்களின் கையில் இருக்கிறது. அவர்கள் ஓய்வு பெறுவதற்குள் பக்கத்தில் நின்று கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வைப்போம்.

ஏல அறிவிப்பு ஒட்டிய பிறகு ஓடுவதால் பயனில்லை. இந்தப் பருவம் முடிவதற்குள் ஒவ்வொரு துறையும் தன் லேபில் உள்ள மிகப் பழைய இயந்திரம் எது என்று கண்டுபிடித்து, அதன் நேம் பிளேட்டைத் துடைத்துப் படித்துப் பார்க்கட்டும். பெயரும் வருஷமும் தெரிந்துவிட்டால், அதை அவ்வளவு எளிதாக எடைக்குப் போட நமக்கு மனசு வராது.