தடை போட்டால் காரணம் சொல்லுங்கள்

புதுக்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே மெய்நிகர் வட்டு மென்பொருளின் நிரல்களை ரிவ்யூ செய்து வருகிறேன். பெரும்பாலும் கியூஎமுவின் வட்டுப் பகுதி. பாப்ரிஸ் பெல்லார் 2003இல் தொடங்கிய இந்தத் திறந்த மூல மென்பொருள், ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டுகிறது. உள்ளே ஓடுகிற கணினிக்கு மெய்நிகர் வட்டு ஒரு முழு ஹார்டு டிஸ்க். வெளியே நமக்கு அது வெறும் ஒரு கோப்பு. அந்தக் கோப்பில் இரண்டு புரோகிராம்கள் ஒரே சமயத்தில் எழுதினால் தரவு பாழாகிவிடும். அதனால் ஒரு வேலை நடக்கும்போது, அதோடு மோதும் வேறு வேலைகளுக்கு நிரல் தடை போடும்; முடிந்ததும் தடையை நீக்கும். நம் மாவட்டத்துக் கல்லூரி மாணவர்கள் இந்த ரிவ்யூ வேலைக்கு வர வேண்டும் என்பது என் ஆசை. அவர்களுக்காகவே இந்தக் குறிப்புகள்.

1. நடையை ஸ்கிரிப்ட் பார்க்கட்டும்

கியூஎமுவில் உள்தள்ளலுக்கு நான்கு இடைவெளி, டேப் கூடாது. வரி 80 எழுத்துக்குள் இருப்பது நல்லது. 'இஃப்' கீழே ஒரே வரி இருந்தாலும் அடைப்புக்குறி கட்டாயம். மீறல்களில் பெரும்பாலானவற்றை 'செக்பேட்ச்' ஸ்கிரிப்டே சொல்லிவிடும். பேட்சை, அதாவது உங்கள் நிரல் மாற்றத்தை, அனுப்பும் முன் அந்த ஸ்கிரிப்டை ஓட்டிப் பாருங்கள்.

இந்த விதிகள் வெறும் அழகுக்காக அல்ல. பிழை வந்தால் பாதியில் வெளியேறும் கிளைகளில்தான் தடையை நீக்கும் வரி விடுபட்டுப்போகும். கிளை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது பளிச்சென்று தெரிந்தால்தான் அந்த விடுபடல் கண்ணில் படும்.

2. எந்த வேலைக்குத் தடை என்று கேளுங்கள்

முன்பு ஒரு வட்டுக்கு 'பயன்பாட்டில் உள்ளது' என்ற ஒரே கொடிதான் இருந்தது. அதை ஏற்றினால், அதைப் பார்க்கிற எல்லா வேலைகளும் மொத்தமாக மறுக்கப்படும். 2014இல் வந்த 2.1 பதிப்பில், அளவு மாற்றுவது, பேக்கப் எடுப்பது, வட்டை நீக்குவது என ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனித் தடை வந்தது. எங்கள் ஊர்க் கவிநாடு கண்மாயில் ஒரு மடையைச் சீர்செய்ய எல்லா மடைகளையும் அடைத்துவிட்டால் வயல் காய்ந்துபோகும். ரிவ்யூவில் நான் முதலில் கேட்பதும் இதுதான்: இந்தத் தடை தேவைக்கு மேல் அகலமாக இருக்கிறதா?

3. காரண வாசகத்தைப் படியுங்கள்

அந்த ஏற்பாட்டில் தடையோடு ஒரு காரணமும் சேர்ந்தே பதிவாகும். 'வட்டு வேலையாக இருக்கிறது' என்று மட்டும் வந்தால், நள்ளிரவில் சர்வரைப் பார்த்துக்கொள்பவர் என்ன செய்வார்? 'பேக்கப் வேலை இதைப் பயன்படுத்துகிறது' என்றிருந்தால் காத்திருக்கலாம் என்று புரியும். வாசகத்தில் எந்த வேலை, எந்த வட்டு என்பது இல்லையென்றால் பேட்சைத் திருப்பி அனுப்புங்கள்.

4. எல்லா வழியிலும் தடை நீங்குகிறதா?

தடையைப் போட்டபோது கொடுத்த அதே காரணத்தைக் கொடுத்தால்தான் அது நீங்கும். வேறொருவர் போட்ட தடை அப்படியே நிற்கும். ஆகவே தடை போடும் வரியிலிருந்து தொடங்கி, வெற்றி, பிழை, பாதியில் ரத்து என எல்லா வழிகளையும் விரலால் தொடர்ந்து பாருங்கள். வரிசையும் முக்கியம்: முதலில் தடையை நீக்கிவிட்டு, பிறகே காரணத்தின் நினைவகத்தை விடுவிக்க வேண்டும். மாற்றிச் செய்தால், விடுவித்த நினைவகத்தை நிரல் மறுபடி தொடும்.

5. கையால் சோதித்துப் பாருங்கள்

2017இல் வந்த 2.9 பதிப்பிலிருந்து, வட்டைப் பயன்படுத்தும் ஒவ்வொரு பகுதியும் தனக்கு என்ன அனுமதி வேண்டும், மற்றவர்களுக்கு எதை விட்டுக்கொடுக்கும் என்று அறிவிக்கிறது. அதே ஆண்டின் 2.10 பதிப்பில் கோப்புக்கே லாக் வந்தது. மெய்நிகர் கணினி ஓடும்போது, இன்னொரு டெர்மினலில் அதே வட்டின் அளவை மாற்றிப் பாருங்கள். 'ரைட் லாக்' கிடைக்கவில்லை என்று மறுக்கும். இதை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால் நிரலைப் படிப்பது எளிதாகும்.

6. உங்கள் மறுப்புக்கும் இதே விதி

தரவை இழக்கச் செய்யும் பிழையை முதலில் எழுதுங்கள். நீங்காமல் தங்கிவிடும் தடையை அடுத்து. நடைக் குறையைக் கடைசியில். ரிவ்யூ செய்பவரும் ஒருவருடைய உழைப்பைத் தடுத்து நிறுத்துகிறார். ஏன் நிறுத்தினீர்கள், எதை மாற்றினால் ஒப்புவீர்கள் என்று எழுதுங்கள். மாற்றி அனுப்பியதும் காக்க வைக்காமல் நீங்களே பார்த்து, உங்கள் மறுப்பை விலக்கிக்கொள்ளுங்கள்.