முற்றிய புற்றுநோயும் மாற்று மருத்துவ நாட்டமும்

ஐதராபாத்தில் 1955ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற மெஹ்தி நவாஸ் ஜங் புற்றுநோய் மருத்துவமனை, ஏழை எளியோர் நாடிவரும் அரசு நிலையமாகும். நம் நாட்டில் புற்றுநோயாளிகளுள் மிகப் பலர், நோய் முற்றிய பின்னரே மருத்துவமனையை அடைகின்றனர். அந்நிலையில் அவர்களுள் சிலர் மூலிகை, பத்தியம், மந்திரம் ஆகியவற்றை நாடுவது ஏன்?

இதனை அறியாமை என ஒதுக்குதல் பொருந்தாது. ‘இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்னும் சொல்லே முதற்காரணம். தணியாத வலி இரண்டாவது. செலவும், மருந்தின் பின்விளைவு பற்றிய அச்சமும் மூன்றாவது. நாட்டு வைத்தியரோ அமர்ந்து கேட்கிறார், பத்தியம் கூறுகிறார். கையற்று நிற்கும் குடும்பத்தினருக்கு ஆற்றுவதற்கு ஒரு கடமை கிடைக்கிறது.

எனினும் இதில் இடருண்டு. நோய் பரவாத நிலையில் மாற்று மருத்துவத்தை மட்டுமே மேற்கொண்டோர்க்கு இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு என 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

தடை மட்டும் போதாது. வலி தணிய வேண்டும். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கடும் விதிகளால் மார்பின் கிடைப்பது அரிதாயிற்று. 2014ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றைத் தளர்த்திற்று. மேற்கூறிய மருத்துவமனையில் 2006 முதல் வலி தணிப்புச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. மாவட்ட மருத்துவமனைகளிலும் மார்பின் இருப்பில் இருத்தல் வேண்டும். ‘வேறு மருந்தும் உட்கொள்கிறீர்களா?’ என மருத்துவர் கடியாது வினவுதல் வேண்டும். நோய் தீராவிடினும் துயர் தணிக்கலாம் என்பதை நோயாளி உணர்ந்தால், பொய் வாக்குறுதிகளைத் தேடி அலைய வேண்டிய நிலை குறையும்.