சட்டம் அறிவோம்: இல்லத்தில் விட்ட பெரியவர்களுக்காக யார் கேட்பது?



நம்ம ராசிங்காபுரத்தில் விடியுமுன்னே ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புகிறோம். படுத்த படுக்கையாகக் கிடக்கிற மாமியாருக்கோ அம்மாவுக்கோ கஞ்சி ஊற்ற ஆளில்லை. வேறு வழி இல்லாமல் முதியோர் இல்லத்தில் விடுகிறவர்கள் உண்டு. அவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் விட்ட பிறகு, "நாமதானே கொண்டாந்து விட்டோம், அவங்களப் போய் என்ன கேக்குறது" என்று பேசாமல் இருந்துவிடுகிறோமே, அதுதான் தப்பு.

விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் அன்புஜோதி ஆசிரம விவகாரம் பலருக்கு ஞாபகம் இருக்கும். 2021 டிசம்பரில் அங்கே சேர்த்த ஒரு பெரியவரை 2022-ல் பார்க்கப் போனார்கள். ஆள் இல்லை. பெங்களூரில் வேறு இல்லத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். அங்கேயும் இல்லை. பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. காணாமல் போனவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு அது. 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் உள்ளே போனபோதுதான் முறையான அனுமதி இல்லாமலே நடத்தியது தெரிந்தது. 140 பேருக்கு மேல் மீட்கப்பட்டார்கள். அடித்தார்கள், சங்கிலியால் கட்டினார்கள், பெண்களிடம் பாலியல் கொடுமை செய்தார்கள் என்று புகார்கள் வந்தன. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது.

"எங்க ஆளு எங்கே?" என்று ஒரு குடும்பம் விடாமல் கேட்டதால்தான் இத்தனையும் வெளியே வந்தது.

ஆகவே சேர்க்கும்போதே அனுமதிச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மாதப் பணம் கட்டினால் ரசீது வாங்குங்கள். (குழுவில் பத்து ரூபாய்க்கும் கணக்கு எழுதுகிற நாம் இங்கே மட்டும் ஏன் விடணும்?) பணம் வாங்கிக்கொண்டு சரியாகப் பார்க்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட அந்த ரசீது வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் அங்கே மனுக் கட்டணம் கிடையாது. 2 வருடத்துக்குள் போட வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் போய்ப் பாருங்கள். முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப் புண் இருக்கிறதா என்று புடவையை விலக்கிப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம்.

காயம் இருந்தால் முதலில் அரசு ஆஸ்பத்திரி. காயத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அடுத்து போலீஸ் புகார். முதல் தகவல் அறிக்கை நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். கலெக்டரிடமும் மனு கொடுங்கள்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று நிற்க வேண்டாம். 1987-ம் வருடச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வக்கீல் உண்டு. தேனி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்கு எழுதலாம்; 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

இன்னொன்று, இது நமக்கே கசக்கும். பெரியவரை எங்கேயாவது விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காத பிள்ளைகள் மீதும் 2007-ம் வருடச் சட்டம் பாயும். கைவிட்டால் 3 மாதம் வரை ஜெயில், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜீவனாம்சம் கேட்டு உத்தமபாளையம் கோட்டாட்சியரிடம் பெரியவரே மனு கொடுக்கலாம். நடக்க முடியாதவர் என்றால், அவர் சம்மதித்து அனுப்புகிற வேறொருவர் கொடுக்கலாம். அந்த வேறொருவர் நம் குழு உறுப்பினராகவும் இருக்கலாம்.

முதியோர் உதவி எண் 14567. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம், காசு கிடையாது. தீர்மான நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.